ஏழு நிபந்தனைகள், ஒரு பேனா

விளம்பரம் வெளிவந்த அன்றே ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த இடம் இளவரசருக்கு என்று. செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம், நான்கு ஆண்டுகள், உதவித்தொகையுடன். துறை வாசலில் இருந்த பலகையில் அதை ஒட்டிய பசை காய்வதற்குள் யாரோ இளவரசரின் முதுகில் தட்டி வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பம் என்று ஒன்றை அதுவரை ஒருவரும் போட்டிருக்கவில்லை. வேண்டியவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவர முடியாது, விதி இருக்கிறது. அதனால் அவருடைய உயரம், அகலம் பார்த்து ஒரு கதவைச் செய்து மாட்டிவிடுவார்கள். வேறு யார் வந்தாலும் தலை இடிக்கும். இந்த வித்தை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

இளவரசர் என்பது பேராசிரியரின் செல்லப்பிள்ளைக்கு ஆய்வகம் வைத்த பெயர். முதுகலை முடித்த கையோடு வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார், கதவைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் தானாகத் தன் மடியில் வந்து விழும் என்று நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். விழுந்துகொண்டும் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு லேபிள் அக்கா பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. கணினி அறிவியலில் முதுகலை படித்தவள். ஏழு வருடமாக அந்த ஆய்வகத்தில் திட்ட உதவியாளர், அதாவது ஆண்டுக்கொரு முறை "நீட்டிக்கப்படுகிறது" என்று ஒரு தாள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் நாற்காலி அவளுடையது. கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒலிகளைக் கேட்டு, இது இன்னது, அது இன்னது என்று அடையாளம் போடுவது அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். பட்டம் பெற்றவர்கள் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் லேபிள் அக்காதான்.

நிபந்தனைகள் ஏழு இருந்தன. மருத்துவமனையில் நோயாளிகளின் இருமலைத் தாமே நேரில் ஒலிப்பதிவு செய்திருக்க வேண்டும் என்றது முதலாவது. குறைந்தது நாலாயிரம் பதிவுகளைக் கேட்டுத் தரம் பிரித்திருக்க வேண்டும் என்றது இரண்டாவது. இரைச்சலைக் கழிக்கும் நிரலைத் தாமே எழுதியிருக்க வேண்டும், பழைய கணினி ஒன்றையே ஒலிகளை இனங்காணப் பயிற்றுவித்திருக்க வேண்டும் என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் படித்தாள். ஏழாவதுக்கு வந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஏழும் அவளுக்குப் பொருந்தின.

எப்படிப் பொருந்தாமல் போகும்? பேராசிரியர் நிபந்தனைகளை இளவரசரின் தன்விவரத்திலிருந்து எடுத்தார். இளவரசர் தன்விவரத்தை ஆய்வகத்தின் புகழ்பெற்ற இருமல் கட்டுரையிலிருந்து எடுத்தார். அந்தக் கட்டுரையில் சொன்ன வேலையெல்லாம் லேபிள் அக்கா செய்தது. மார்பு நோய் மருத்துவமனையில் ஒன்றரை வருடம் முகமூடியும் ஒலிப்பதிவுக் கருவியுமாக உட்கார்ந்து, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை இரும வைத்தவள் அவள். இருமலைக் கேட்டே நுரையீரல் நோய் இருக்கிறதா, வெறும் சளிதானா என்று கணினி நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறை சரியாகச் சொல்கிறது என்று கட்டுரை வந்தபோது, எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் இளவரசருடையது, கடைசிப் பெயர் பேராசிரியருடையது. அவளுக்குக் கட்டுரையின் அடியில், பொடி எழுத்தில், "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி. அதிலும் பெயர் இல்லை. அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு போனாள். அதை நினைத்து இரண்டு வருடமாகத் தன்மேலேயே கோபமாக இருந்தாள்.

"உனக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பெட்டி. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஆறு வருடத்தில் மூன்று ஊர், மூன்று ஒப்பந்தம் என்று அலைந்து, நான்காவதாக இங்கே வந்திருந்த பெண்மணி. எந்த ஊரிலும் இரண்டு பெட்டிக்கு மேல் சாமான் சேர்த்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரித்து, அந்தப் பெயரையும் அவரே வாங்கிக்கொண்டவர். இதே மாதிரி விளம்பரங்களால் தான் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டதாகவும், ஏழும் பொருந்துகிற ஆளை நேர்காணலுக்குக் கூப்பிடாமல் விட இவர்களால் முடியாது, அதுதான் விதி என்றும் அவர் சொன்னார்.

"கூப்பிட்டுட்டு அனுப்பிடுவாங்க," என்றாள் லேபிள் அக்கா.

"அனுப்பட்டும். கூப்பிட வேண்டிய கட்டாயமாவது வரட்டுமே."

அவள் அன்றைக்கே விண்ணப்பம் எழுதினாள்.

ஆய்வகத்தில் சம்பளம் வாங்குகிறவர் விண்ணப்பித்தால் ஆய்வகத் தலைவரான பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதமும் அவரே தரவேண்டும். பேராசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு தேன் ஒழுகப் பேசினார். அவள் இல்லாவிட்டால் ஆய்வகம் ஆட்டம் கண்டுவிடும், இந்த வயதில் பாடம், தேர்வு என்று எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், இருக்கிற இடத்தில் அவள்தானே ராணி என்றார். ராணி ஏழு வருடமாகக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கடைசியில், பார்க்கலாம் என்றார்.

'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை மடிக்கணினியையும் காதொலிக் கருவியையும் தூக்கிக்கொண்டு வந்து, பேராசிரியர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தாள். ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம், சார் ஒரு கையெழுத்துப் போடணும், அதான் என்று சத்தமாகவே சொன்னாள். அவர் தேநீருக்குப் போகும்போது எழுந்து நின்றாள், திரும்பி வரும்போது எழுந்து நின்றாள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் அந்தத் தாழ்வாரத்தில் நடந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவருக்கு வெட்கமாகிவிட்டது, உள்ளே கூப்பிட்டார்.

பரிந்துரைக் கடிதம் தருகிற முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கேட்கிறவரே தன்னைப் பற்றி மூன்றாம் மனிதர்போலப் புகழ்ந்து எழுதிக்கொண்டு போக வேண்டும், பெரியவர் கையெழுத்துப் போடுவார். அவளுக்குப் புகழ வரவில்லை. "நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் எடுத்தவர் இவரே" என்று ஒரு வரி எழுதி, கீழே தேதிகளைப் போட்டிருந்தாள். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, "பதிவுகளை எடுக்க உதவினார்" என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். போய்ட்டு வாங்க, ஒரு அனுபவமா இருக்கட்டும் என்று சிரித்தார்.

நேர்காணலில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லலாம் என்று, அவள் ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து பழைய பதிவுகளை ஓட்டினாள். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் ஊர்பேர் தெரியாதவர்கள் வரிசையாக இருமினார்கள். அவள் கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் கால் வைத்தாலும் கண்ணுக்கு முன் காது வேலை செய்யும். கயிறு எங்கே உரசுகிறது, எந்த மாடியில் கதவு சிக்குகிறது என்று மின்தூக்கிக்குள் நின்றபடியே சொல்லிவிடுவார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார்.

"இருமறதுக்கு முன்னாடி ஒரு டக் கேக்குதே, அது என்ன?"

"எங்கங்க?"

"இப்ப ஓடினதுல. அதுக்கு முந்தினதுல இல்ல."

அவள் திரும்ப ஓட்டினாள். இருந்தது. பேனா. அவளுடைய பேனா. அழுத்தினால் முனை வெளியே வருகிற சாதாரணப் பேனா.

சில நிமிடங்களில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். இடது அறையில் நோய் உறுதியானவர்கள், வலது அறையில் சளிக்கு வந்தவர்கள். இடது அறைப் படிவங்களை மையால்தான் நிரப்ப வேண்டும் என்பது மருத்துவமனை விதி. அதனால் பதிவை ஓடவிட்டு, எண்ணைச் சொல்லி, பேனாவை ஒரு தட்டுத் தட்டிப் படிவத்தில் குறித்துக்கொண்டு, பிறகு இருமச் சொல்லிச் சைகை காட்டுவாள். வலது அறையில் தன் நோட்டில் பென்சிலால் குறித்தால் போதும். பென்சிலுக்குச் சத்தம் இல்லை. பின்னால் இளவரசர் ஒரு நிரல் எழுதி, ஒவ்வொரு பதிவிலும் அவள் குரல் வருகிற முதல் மூன்று விநாடியை வெட்டி எறிந்தார். குரல் போயிற்று, டக் தங்கிவிட்டது. நோயாளிகளின் பதிவுகளில் மட்டும்.

அவள் கையோடு சோதித்துப் பார்த்தாள். இருமலே இல்லாமல், அமைதியான சமையலறையில் பேனாவை ஒருமுறை தட்டிப் பதிவு செய்து கணினிக்குக் கொடுத்தாள். "நுரையீரல் நோய், தொண்ணூற்றேழு விழுக்காடு" என்று பதில் வந்தது. நிஜ நோயாளி ஒருவரின் பதிவிலிருந்து டக்கை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தாள். "நோய் இல்லை" என்றது. உலகமே மெச்சிய கணினி இருமலைக் கற்கவே இல்லை. அவளுடைய பேனாவைக் கற்றிருந்தது. இரண்டு வருடத்தில் பேராசிரியரோ இளவரசரோ ஒரே ஒரு பதிவைக் காதால் கேட்டிருந்தால் போதும். விழுக்காடு நன்றாக வந்தது, எனவே யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அடையாளம் போட்ட அவளுக்கோ அந்தச் சத்தம் தன் மூச்சு மாதிரி பழகிப்போயிருந்தது.

இதை வெளியே சொன்னால் கட்டுரை போச்சு. கட்டுரை போனால், என்னுடைய வேலை என்று அவள் மார்தட்டிக்கொள்ளப் போனதும் போச்சு. தன் குற்றத்தைத் தானே தட்டில் வைத்து நீட்டுகிறவளுக்கு யார் இடம் தருவார்கள்? சொல்லாமல் போனால் ஏழு நிபந்தனையும் அப்படியே பொருந்தும். ஆனால் இரண்டு மாதத்தில் அந்தக் கணினி பத்து மருத்துவமனைகளுக்குப் போகப்போகிறது. அங்கே அவள் பேனா இருக்காது. நிஜமாக நோய் உள்ளவர்களைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அது சொல்லும்.

அவள் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். அவர் அறிவுரை சொல்கிற ஆள் இல்லை. காயைத் தட்டில் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்ச லிஃப்டுக்கு நான் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டா நீ என்ன சொல்லுவ?"

"வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"அப்புறம் என்ன?"

நேர்காணல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் பேராசிரியர். இன்னொரு பக்கம் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நிபுணர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிற அம்மையார். இளவரசர் முதலில் போய், கால் மணி நேரத்தில் சிரித்த முகமாக வெளியே வந்து, நல்லா பண்ணுங்க அக்கா என்று மனதாரச் சொல்லிவிட்டு வெளியில் உட்கார்ந்தார்.

அவள் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தாள். கட்டுரையில் சொன்ன கணினி நிரலை ஒருமுறை இயக்கிக் காட்ட அனுமதி கேட்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள், ஒலிவாங்கிக்கு அருகே ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் தொண்ணூற்றேழு விழுக்காடு நோய் என்று வந்தது. பிறகு நோயாளியின் இருமலை டக் இல்லாமல் ஓட்டினாள். நோய் இல்லை என்று வந்தது. இரண்டு அறைகளையும் பேனாவையும் பென்சிலையும் பற்றிச் சொன்னாள். கணினி பத்து மருத்துவமனைகளுக்குப் போவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னாள்.

பேராசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் அனுபவசாலி, சமாளித்துக்கொண்டார்.

"பதிவெல்லாம் எடுத்தது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்ப இவ்வளவு பெரிய தப்பு யாரோடது?"

"என்னோடதுதான்," என்றாள். "நாலாயிரத்துச் சொச்சம் பதிவும் என்னோடது, பேனாவும் என்னோடது, தப்பும் என்னோடது. கட்டுரையில இருக்கிற பேர் மட்டும்தான் என்னோடது இல்ல சார்."

நிபுணர் அம்மையார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பரிந்துரைக் கடிதத்தைக் கையில் எடுத்தார். பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"இதுல, பதிவுகளை எடுக்க உதவினார்னு எழுதியிருக்கீங்க. யாருக்கு உதவினாங்க?"

பேராசிரியர் குழுவேலை, கூட்டு முயற்சி என்று என்னவோ மென்று விழுங்கினார். அம்மையார் விடவில்லை. வெளியில் இருக்கிற பையனையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார். துறைத் தலைவர் மணியை அழுத்தினார்.

இளவரசர் உள்ளே வந்தார். நடந்ததை அவருக்கு இரண்டு வாக்கியத்தில் சொன்னார்கள், திரையையும் காட்டினார்கள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் நிபந்தனையில் பதிவுகளை நேரில் எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, இடது அறையில் இந்தப் பேனாச் சத்தத்தை நீங்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று அம்மையார் மிக மென்மையாகக் கேட்டார். பாவம், அந்த மென்மையில் அவர் ஏமாந்துபோனார்.

"மேடம், அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. நான் அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனதே கிடையாது. எல்லாம் அக்கா எடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு நிபந்தனைகளும் தப்போடு சேர்ந்து ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தன. தப்பை உதறுவதற்காகக் கையை உதறினால், அந்தக் கையில் பிடித்திருந்த மற்றதும் விழத்தானே செய்யும்?

இரண்டு நாளில் பலகையில் முடிவை ஒட்டினார்கள். இடம் லேபிள் அக்காவுக்கு, வழிகாட்டி துறைத் தலைவர். இரண்டு பெட்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார், எதற்கு அழுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கணினியை மருத்துவமனைகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கட்டுரையைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கான அறிவிப்பைப் பேராசிரியர் எழுதி, ஒரு பிரதியை மரியாதைக்காக அவளுக்கும் அனுப்பினார். "தொழில்நுட்ப உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை காரணமாக" என்று ஆரம்பித்தது அது.

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள். இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், தாளை மேசைமேல் வைத்து, அந்த முதல் வரியில் விரலை வைத்தாள்.

"சார், நன்றி சொன்னப்பவும் பேர் போடல. தப்புன்னு சொல்றப்பவும் பேர் இல்லையா?"

பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவள் நன்மைக்காகத்தான் பெயரை விட்டதாகச் சொன்னார்.

"தப்புக்குப் போய்ப் பேர் கேக்கறீங்களே. உங்க பேருக்குத்தானேம்மா களங்கம்?"

"களங்கம் வரணும்னா முதல்ல பேர்னு ஒண்ணு இருக்கணும் சார். எழுதுங்க. பதிவுகளை எடுத்தவர், பிழையைச் செய்தவர், பிழையைக் கண்டுபிடிச்சவர். மூணுக்கும் ஒரே பேர்தான். இனிஷியலோட."

அவர் தாளை அவள் பக்கமே தள்ளிவிட்டு வேறு காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். அவள் நகரவில்லை. காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை என்பது அவருக்கு இப்போது தெரியும். கடைசியில் பெருமூச்சு விட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எழுதுவதற்கு எதையோ மேசைமேல் தேடினார்.

அவள் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, அவரிடம் நீட்டினாள்.